மாமா, யுத்தத்துக்கு எழுபதாயிரம் ஆகும்!

அக்கா பையன் காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் காலை, கேட்காமலே காபி கொண்டுவந்து நீட்டினான். உடனே உஷாரானேன். வயசுப் பிள்ளைகள் கேட்காமல் காபி கொண்டுவந்தால், பின்னாலேயே ஒரு விண்ணப்பம் வருகிறது என்று அர்த்தம்.

வந்தது.

"மாமா, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணும்."

"எவ்வளவுடா?"

"எழுபதாயிரம்."

காபி நாக்கைச் சுட்டுவிட்டது. "எதுக்கு?"

"யுத்தத்துக்கு, மாமா. 'ஆர்மா 3'ன்னு ஒரு கேம். அவ்வளவு ரியலா இருக்கும். ஆனா நம்ம கம்ப்யூட்டர்ல இழுக்குது. படம் நின்னு நின்னு வருது."

என் கல்யாணத்துக்கே மொத்தச் செலவு எழுபதாயிரத்தைத் தொடவில்லை. யுத்தம் என்று வந்துவிட்டால் தேசங்களே கணக்குப் பார்ப்பதில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் நான் தேசம் இல்லை, மாதச் சம்பளக்காரன். 'அது என்னதான் ரியல் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று இரண்டு வாரம் வாய்தா வாங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், தேடித் தேடிப் படித்தேன். விஷயம் எழுபதாயிரத்தைவிடப் பெரியதாக இருந்தது.

பப்ஜியின் பாட்டன்

'ஆர்மா' என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். 'பப்ஜி' தெரியும் அல்லவா? 2020 செப்டம்பரில் நம் அரசு மொபைல் பப்ஜியைத் தடை செய்தபோது எத்தனை வீடுகளில் பையன்கள் சாப்பிடாமல் கிடந்தார்கள்! அந்தப் பப்ஜிக்கு மூலம் இதுதான். பிரெண்டன் க்ரீன் என்ற அயர்லாந்துக்காரர், 'ஆர்மா 2' விளையாட்டை எடுத்துக் கொஞ்சம் மாற்றி, 'எல்லோரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் மிஞ்சுபவர் ஜெயித்தவர்' என்று 2013-ல் ஒரு போட்டி செய்தார். அது வளர்ந்து 2017-ல் பப்ஜி ஆனது. ஆக, ஆர்மா பப்ஜிக்குப் பாட்டன். பேரன் துள்ளிக் குதிப்பான். பாட்டன் நிதானமானவர், ரொம்பக் கறார்.

இந்தப் பாட்டன் பிறந்தது செக் நாட்டுத் தலைநகர் ப்ராகில். மாரெக் ஷ்பானெல், ஒந்த்ரே ஷ்பானெல் என்று அண்ணன் தம்பி. அவர்களுடைய 'போஹீமியா இன்டராக்டிவ்' கம்பெனி 2001-ல் 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' என்று ஒரு ராணுவ விளையாட்டை வெளியிட்டது. அதுவரை வந்த சுடும் விளையாட்டுகளில் கதாநாயகன் நம் சினிமா ஹீரோ மாதிரி. பத்துக் குண்டு பட்டாலும் மருந்துப் பெட்டியை மிதித்தால் எழுந்துவிடுவான். இதில் அந்தக் கதையே கிடையாது. ஒரு குண்டு சரியாகப் பட்டால் ஆள் காலி. அதற்கு முன் அரை மணி நேரம் வயலிலும் காட்டிலும் நடந்திருப்பீர்கள். சுட்டது யார், எங்கிருந்து என்றுகூடத் தெரியாது.

'இதில் என்ன சுவாரஸ்யம்?' என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த அரை மணி நேர பயம்தான் சுவாரஸ்யம் என்கிறான் பையன்.

தீவுக்குப் போனவர்கள்

நிஜம் நிஜம் என்று அலைந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை.

'ஆர்மா 3'க்கு ஒரு தீவு வேண்டியிருந்தது. கற்பனையாக வரைந்தால் போதாது என்று, ஏஜியன் கடலில் இருக்கும் லெம்னோஸ் என்ற கிரேக்கத் தீவை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். மலை, சாலை, ஊர் எல்லாவற்றையும் கொஞ்சம் சுருக்கி, சுமார் 270 சதுர கிலோமீட்டருக்குக் கம்ப்யூட்டருக்குள் கட்டினார்கள். ஒப்பிட்டுச் சொன்னால், 2011-ல் எல்லை விரிவாக்குவதற்கு முன் இருந்த சென்னை மாநகராட்சியைவிடப் பெரிது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வழியில் எங்கும் 'லோடிங்' என்று நிற்காமல் நடந்தே போகலாம்.

2012 செப்டம்பர். கம்பெனியின் ஊழியர்கள் இருவர், இவான் புக்தா, மார்ட்டின் பெஸ்லார், லெம்னோஸுக்குப் போனார்கள். துருக்கிக்கு அருகில் இருக்கும் தீவு. கிரேக்க ராணுவத்தின் முகாம்கள் உள்ள இடம். ராணுவ இடங்களைப் படம் எடுத்ததாகச் சொல்லி இருவரையும் போலீஸ் பிடித்தது. உளவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு! 'நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், விளையாட்டு செய்பவர்கள்' என்று அவர்கள் சொன்னது எடுபடவில்லை. 129 நாட்கள் சிறையில் இருந்தார்கள். செக் நாட்டு ஜனாதிபதியே கிரேக்க ஜனாதிபதிக்கு எழுதும் அளவுக்கு விவகாரம் போனது. 2013 ஜனவரியில் ஆளுக்கு 5,000 யூரோ ஜாமீனில் வெளியே வந்தார்கள். தீவின் பெயரை 'ஆல்டிஸ்' என்று மாற்றி, அந்த வருடம் செப்டம்பரில் விளையாட்டு வெளியானது.

பொய் யுத்தம்தான். ஆனால் 129 நாள் சிறை நிஜம்.

சாம்பார் யார் வைப்பது?

சரி, இந்த நிஜத்துக்கும் எழுபதாயிரத்துக்கும் என்ன சம்பந்தம்? பையன் விளக்கினான். அவன் சொன்னதில் பாதி புரிந்தது. மீதியை நான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சாதாரண சுடும் விளையாட்டுகள் பலவற்றில் குண்டு என்று ஒன்று பறப்பதே இல்லை. நீங்கள் பட்டனை அமுக்கிய கணத்தில் துப்பாக்கியிலிருந்து ஒரு நேர்கோடு போடுவார்கள். கோட்டில் ஆள் இருந்தால் பட்டதாகக் கணக்கு. ஆர்மாவில் அப்படி இல்லை. ஒவ்வொரு குண்டும் பறக்கிறது. தூரம் போகப் போக வேகம் குறைந்து கீழே இறங்குகிறது. மரப்பலகையைத் துளைக்கிறது, கல்லில் பட்டுத் தெறிக்கிறது. 600 மீட்டர் தள்ளி நிற்பவரை ரைஃபிள் குண்டு எட்ட ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். சுட்ட சத்தம் வந்து சேர ஒன்றே முக்கால் விநாடி. அதாவது, சத்தம் கேட்பதற்கு முன்பே ஆள் விழுந்துவிடுவான். இதையும் கணக்குப் போட்டுத்தான் காட்டுகிறார்கள்.

இது தவிர எதிரிகள். நூறு சிப்பாய்கள் ஒரு மலையில் இருந்தால், அவரவர் மற்ற 99 பேரில் யாரைப் பார்க்க முடிகிறது, நடுவில் மரம் மறைக்கிறதா, சுவர் மறைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 100 பெருக்கல் 99, கிட்டத்தட்ட பத்தாயிரம் பார்வைகள்! எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாமல் கம்ப்யூட்டர் முறை வைத்துக் கவனிக்கிறது. படம் தடங்கல் இல்லாமல் ஓட விநாடிக்கு 60 சட்டம் வரைய வேண்டும். ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. நீங்கள் ஒரு தரம் கண் சிமிட்டுவதற்குள் ஐந்தாறு சட்டம் போயிருக்கும். அதற்குள் குண்டு, சத்தம், ஆள், மரம், நிழல் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர். ப்ராஸஸர் கணக்குப் போடும். கிராஃபிக்ஸ் கார்டு படம் வரையும். கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ப்ராஸஸர் சமையல்காரர். கிராஃபிக்ஸ் கார்டு பரிமாறுகிறவர். பந்தியில் சாம்பார் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பரிமாறுகிறவர் மெதுவாக வருகிறார், அல்லது சாம்பாரே இன்னும் கொதிக்கவில்லை. சாம்பார் கொதிக்காதபோது, எழுபதாயிரம் ரூபாய் கொடுத்து ஒலிம்பிக் ஓட்டக்காரரைப் பரிமாறக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? வாளியைத் தூக்கிக்கொண்டு அவரும் சமையல்கட்டு வாசலில்தான் நிற்பார்.

ஆர்மா 3-ல் பல சமயம் நடப்பது இதுதான். எட்டு சமையல்காரர்கள் இருந்தாலும் முக்கியமான வேலையின் பெரும்பகுதி ஒருவர் தலையிலேயே விழும். பின்னால் வந்த திருத்தங்களில் வேலையைக் கொஞ்சம் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு சாம்பாரை எட்டுப் பேர் சேர்ந்து தாளிக்க முடியாதே!

"டேய், உன் கம்ப்யூட்டர்ல கார்டு சும்மா இருக்கா, முழி பிதுங்குதா?"

ஏதோ பட்டனைத் தட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "பாதிதான் வேலை செய்யுது, மாமா."

"பார்வை தூரம்னு ஒண்ணு இருக்காமே, எவ்வளவு வெச்சிருக்கே?"

"ஆறு கிலோமீட்டர். பன்னிரண்டு வரைக்கும் வைக்கலாம்."

அதுதான் விஷயம். பார்வை தூரத்தை இரண்டிலிருந்து ஆறாக்கினால் வேலை மூன்று மடங்கு ஆகும் என்று தோன்றும். இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வட்டத்தின் பரப்பு ஞாபகம் இருக்கிறதா? தூரம் மூன்று மடங்கானால் பரப்பு ஒன்பது மடங்கு. ஒன்பது மடங்கு மரம், வீடு, புதர். விமானம் ஓட்டுகிறவனுக்கு அது வேண்டும். காட்டில் குப்புறப் படுத்திருப்பவனுக்கு எதற்கு ஆறு கிலோமீட்டர்? இரண்டாகக் குறைக்கச் சொன்னேன். படம் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

செலவு: பூஜ்யம். என் மீது அவனுக்கு வந்த மரியாதை: சுமார் இருபது நிமிடம்.

அறுநூறு பக்க கைடு

இந்த வியாதி இன்று நேற்று வந்ததில்லை. 1980-களில் ஐ.பி.எம். கம்ப்யூட்டரைப் பார்த்து அச்சு அசலாக மற்றவர்கள் மலிவு விலையில் செய்து விற்றார்கள். 'எல்லாம் ஒன்றுதான் ஸார்' என்று கடைக்காரர் சொல்வார். நிஜமாகவே ஒன்றுதானா என்று கண்டுபிடிக்க, விவரம் தெரிந்தவர்கள் இரண்டு புரோகிராம்களை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒன்று கணக்குக்கு 'லோட்டஸ் 1-2-3'. இன்னொன்று மைக்ரோஸாஃப்டின் விமான விளையாட்டான 'ஃப்ளைட் சிமுலேட்டர்'. அது ஓடினால் எதுவும் ஓடும். மாப்பிள்ளைக்குக் குணம் பார்க்கிற மாதிரி.

1998-ல் வந்த 'ஃபால்கன் 4.0' என்ற எஃப்-16 விமான விளையாட்டோடு ஒரு கைடு கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 600 பக்கம். பரீட்சை இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

இந்த நிஜப் பித்து ராணுவ ரகசியம் வரை போனதும் உண்டு. 2021-ல் 'வார் தண்டர்' என்ற டாங்க் விளையாட்டில், 'நீங்கள் காட்டும் சேலஞ்சர் 2 டாங்க் தப்பு' என்று சண்டைக்கு வந்தார் ஒருவர். தன் வாதத்தை நிரூபிக்க, பிரிட்டிஷ் ராணுவத்தின் ரகசியக் கையேட்டிலிருந்தே பக்கங்களை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்! பதறிப்போய் நீக்கினார்கள் விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள். வாதத்தில் ஜெயிக்க மனுஷன் என்னவெல்லாம் செய்கிறான்!

ஆனால் நிஜ ராணுவம் படத்தின் அழகைப் பார்க்கிறதா? 1996-ல் அமெரிக்க மரைன் படையினர் 'டூம் 2' விளையாட்டை மாற்றி 'மரைன் டூம்' என்று ஒன்று செய்தார்கள். பொம்மை பொம்மையாகக் கட்டம் கட்டமான படம். அதில் அவர்கள் பழகியது நாலு பேர் கொண்ட ஒரு குழு எப்படிச் சேர்ந்து யோசிக்கிறது, யார் யாருக்குக் காவல் நிற்பது என்பதைத்தான். போஹீமியா கம்பெனியின் விளையாட்டிலிருந்தே கிளைத்த 'வி.பி.எஸ்.' என்ற பயிற்சி சாஃப்ட்வேரை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ராணுவங்கள் பயன்படுத்தின. அதைச் செய்யும் கம்பெனியை 2022-ல் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் என்ற பெரிய ஆயுதக் கம்பெனி வாங்கிவிட்டது.

மங்கலாக இருந்தால் நிஜம்!

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

2011-ல் பிரிட்டனில் ஐ.டி.வி. ஒரு டாக்குமென்டரி காட்டியது. 1988-ல் ஐ.ஆர்.ஏ. இயக்கத்தினர் எடுத்த படம் என்று ஹெலிகாப்டரைச் சுடும் ஒரு காட்சி. அது 'ஆர்மா 2' விளையாட்டிலிருந்து வந்தது! ஒளிபரப்பைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' அமைப்பு, மக்களை ஏமாற்றியதாகும் என்று தீர்ப்புச் சொன்னது. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கில் பாகிஸ்தான் விமானங்கள் குண்டு போடுகின்றன என்று நம் நாட்டு டி.வி. சானல்கள் சில ஒரு காட்சியைக் காட்டின. அதுவும் ஆர்மாதான்! பிறகு உக்ரைன் யுத்தம் வந்தது, காஸா யுத்தம் வந்தது. ஒவ்வொரு தடவையும் இதே விளையாட்டு செய்தியாக வந்து மிரட்டியது.

தாங்க முடியாமல் 2022 நவம்பரில் போஹீமியா கம்பெனியே 'எங்கள் படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று விளக்கம் வெளியிட்டது. நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் உதவும். படம் ரொம்ப மங்கலாக இருக்கும். கேமரா ஆடும். பெரும்பாலும் ராத்திரிக் காட்சி. சத்தம் இருக்காது. நடமாடும் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். புகையும் தூசியும் பறப்பது இயல்பாக இருக்காது.

இதில் இருக்கும் வேடிக்கையைக் கவனித்தீர்களா? பையன்கள் படம் பளிச்சென்று தெரிய எழுபதாயிரம் கேட்கிறார்கள். பொய் சொல்கிறவன் அதே படத்தைக் காசில்லாமல் மங்கலாக்குகிறான், ஆட்டுகிறான், சத்தத்தை அணைக்கிறான். உலகம் நம்பிவிடுகிறது! நிஜம் என்பது படத்தின் தெளிவில் இல்லை. பார்க்கிறவர் மனசில் ஏற்கெனவே இருக்கும் பயத்திலும் கோபத்திலும் இருக்கிறது. ஏதோ ஒரு பையன் ஓட்டிய பொம்மை விமானத்தைக் காட்டி, 'அடி, பழி வாங்கு' என்று ஒரு ஊரையே கத்தவைக்க முடிகிறது என்றால், இது விளையாட்டா?

சுபேதார் கேட்ட கேள்வி

எதிர்வீட்டில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் இருக்கிறார். பேப்பர் வாங்க வந்தவரை உட்காரவைத்து விளையாட்டைக் காட்டினோம். பையன் நாற்பது நிமிடம் புதர் புதராக ஊர்ந்து போனான். திடீரென்று ஸ்க்ரீன் கறுத்தது. செத்துப்போனான். யார் சுட்டது என்று தெரியவில்லை.

சுபேதார் சிரித்தார். "இது கொஞ்சம் சரிதான் தம்பி. முக்காவாசி நேரம் காத்திருக்கிறதுதான் வேலை."

பையனுக்குப் பெருமை. மறுபடி பட்டனைத் தட்டி உயிரோடு எழுந்தான்.

சுபேதார் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எங்க ஆள் ஒருத்தன் போயிட்டான். அவன் வீட்டுக்கு லெட்டர் நான்தான் எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். அதுக்கு உங்க கேம்ல ஏதாவது பட்டன் இருக்கா?"

பையன் பதில் சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

அப்படி ஒரு பட்டன் இல்லைதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் வந்த ஒன்று இருக்கிறது. 'விளையாட்டு யுத்தத்திலும் யுத்த தர்மம் வேண்டும். சாதாரண ஜனங்களைச் சுட்டால் விளையாட்டிலும் தண்டனை இருக்கட்டும்' என்று சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் 2013 வாக்கிலேயே சொல்லிவந்தது. அதை யோசனையாக எடுத்துக்கொண்டு, செஞ்சிலுவைச் சங்கத்தோடு பேசி, 2017 செப்டம்பரில் 'லாஸ் ஆஃப் வார்' என்று ஆர்மா 3-க்கு ஒரு புது அத்தியாயம் வெளியிட்டார்கள். அந்த வருட விற்பனை வருமானத்தில் பாதி, 1,76,667 டாலர், செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது.

அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. சண்டை ஓய்ந்த ஒரு கிராமத்துக்குக் கண்ணிவெடி எடுக்க வந்த தொண்டு நிறுவன ஆள். வேலை செய்துகொண்டே ஒரு பத்திரிகையாளரிடம் போனில் பேசுகிறீர்கள். இந்தச் சுவர் ஏன் இடிந்தது, இந்த வண்டி ஏன் எரிந்தது, யார் இங்கே வெடி வைத்தது என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொரு தரப்பின் கண் வழியாகவும் கதை விரிகிறது.

அன்று ராத்திரி பையன் அதைப் போட்டான். பார்வை தூரம் இரண்டு கிலோமீட்டர். அங்கே கவனிக்க வேண்டியது காலடியில் இருக்கும் இரண்டு அடி மண்தான். கருவி 'பீப் பீப்' என்கிறது. ஒரு அடி வைக்கிறான், நிற்கிறான். அக்கா சாப்பிட மூன்று தடவை கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. எனக்கே உள்ளங்கை வேர்த்தது. இதற்கு எந்தக் கார்டும் தேவைப்படவில்லை.

முடித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். "மாமா, சண்டை முடிஞ்சப்புறம் இவ்வளவு வேலை இருக்கா?"

"இருக்குடா. அதை நியூஸ்ல காட்டறதில்லை."

கடைசியில் பேரம் படிந்தது. கார்டு கிடையாது. பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் ஒன்று வாங்கித் தந்தேன். தீவு சீக்கிரம் வந்து நிற்கிறதாம். சமையல் சாமான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி.

மறுநாள் காலை மறுபடி காபி வந்தது. பயந்துகொண்டே வாங்கினேன். விண்ணப்பம் எதுவும் பின்னால் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், இன்னொரு டம்ளரைத் தட்டில் வைத்துக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக எதிர்வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.